வீட்டுக்குக் கீழே ஒரு கண்மாய்க்கரை: அண்டர்கிரவுண்ட் அறையை வேட்டை, மீன்பிடி அறையாக மாற்றுவது எப்படி?

கொத்தனாரிடம் "பேஸ்மெண்ட்ல ஒரு ரூம் வேணும்ணே" என்று சொன்னபோது அவர் என் முகத்தையே பார்த்தார். தப்பு அவர் மேல் இல்லை. நம் ஊர்க் கட்டட வேலையில் பேஸ்மெண்ட் என்றால் தரைக்கு மேலே எழுப்பி, உள்ளே கிராவல் கொட்டி, திமிசு போட்டு இறுக்குகிற மேடை. பேஸ்மட்டம் என்றும் சொல்வார்கள். அதற்குள் ஆள் எப்படி உட்காருவது? "அண்டர்கிரவுண்ட் ரூம்" என்று சொல்லுங்கள், உடனே புரிந்துவிடும்.

எங்கள் மனை மதுரை அழகர்கோயில் ரோட்டுப் பக்கம். பின்னால் கண்மாயைப் பார்த்துச் சரிந்து இறங்கும். வீட்டை ரோட்டு மட்டத்துக்குத் தூக்கியதில் பின்பக்கம் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் பள்ளம் மிஞ்சியது. அதை மண்ணடித்து மூடாமல் 12 அடிக்கு 14 அடி அறையாக்கினோம். உயரம் எட்டரை அடி. மூன்று சுவர் மண்ணுக்குள், பின்சுவரின் மேல்பாதி மட்டும் வெளியே. உங்களிடமும் இப்படி ஓர் அறை இருக்கிறது, பழைய சாமான் போட்டு வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். புதிதாகத் தோண்டுவதென்றால் இன்ஜினியரும் பிளான் அனுமதியும் இல்லாமல் மண்வெட்டியைத் தொடாதீர்கள்.

ஏன் வேட்டை, மீன்பிடி? எங்கள் தாத்தா மேலூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர். அவர் விட்டுப்போன ஊத்தா என்கிற மீன்பிடிக் கூடையும் தூண்டில் கம்புகளும் பெரியப்பா வீட்டுப் பரணில் கிடந்தன. அவ்வளவுதான் காரணம்.

முதல் வேலை: ஒரு மழைக்காலம் சும்மா இருங்கள்

நான் இருக்கவில்லை. ஆவணியில் பெயிண்ட் அடித்து, கோரைப் பாய் விரித்து, பழைய புத்தகங்களை அடுக்கினேன். ஐப்பசியில் மழை பிடித்தது, கார்த்திகையில் கண்மாய் நிறைந்தது. கண்மாய் நிறைந்தால் சுற்றியுள்ள கிணறெல்லாம் ஏறும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் அறையும் ஒரு கிணறுதான் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒருநாள் காலையில் இறங்கிப் பார்த்தால் சுவரில் பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பி நிற்கிறது. விரலால் அழுத்தினேன், உள்ளேயிருந்து தண்ணீர் வந்தது. பாய்க்கு அடியில் பச்சையாகப் பூஞ்சை.

நீங்கள் இப்படிச் செய்யுங்கள். இரண்டடிக்கு இரண்டடி தடித்த பாலித்தீன் தாளைச் சுவரில் ஓர் இடத்திலும் தரையில் ஓர் இடத்திலும் வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். பிரிக்கும்போது சுவரைப் பார்த்த பக்கம் நீர் முத்து முத்தாக நின்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் நின்றால் அது அறைக் காற்றில் இருக்கும் ஈரம், குளிர்ந்த இடத்தில் படிகிறது. முதலாவதற்குப் பூச்சு வேலை, இரண்டாவதற்குக் காற்றோட்டம். இது தெரியாமல் கடைக்குப் போனால் கையில் கிடைத்த டப்பாவை வாங்கிக்கொண்டு வருவீர்கள். கார்த்திகையில் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை பார்த்தால் நல்லது. சித்திரையில் மட்டும் பார்த்தால் எந்தச் சுவரும் யோக்கியன் மாதிரிதான் இருக்கும்.

சுவரிலிருந்து வந்தால் உப்பிய பெயிண்டையும், உப்புப் பூத்த பூச்சையும் செங்கல் அல்லது கான்கிரீட் தெரியும்வரை கொத்தி எடுக்க வேண்டும். தரையும் சுவரும் சேரும் மூலைதான் பெரும்பாலும் குற்றவாளி. அந்த மூலையைக் கொத்தி, கால்வட்டமாகக் கலவை வைத்து மூடச் சொல்லுங்கள். அப்புறம் சிமெண்ட் கலந்த வாட்டர்புரூஃபிங் பூச்சு இரண்டு கோட்டு: ஒன்று படுக்கை வாட்டில், அடுத்தது நெட்டுவாட்டில். மூன்று நாள் தண்ணீர் தெளித்து ஆறவிட வேண்டும். அதற்கு மேல் மெல்லிய சிமெண்ட் பூச்சு.

இவ்வளவும் செய்தபின் கொத்தனார் சொன்னார்: "தண்ணிய நிப்பாட்ட முடியாது தம்பி. ஒரு மூலைக்குக் கூட்டிட்டு வந்து வெளிய அனுப்பிரலாம்." அதன்படி ஒரு மூலையில் இரண்டடிக்கு இரண்டடி குழி தோண்டி, தரையை அந்தப் பக்கம் லேசாக வாட்டம் கொடுத்து, குழிக்குள் மிதவை சுவிட்ச் வைத்த சின்ன மோட்டார் ஒன்றை இறக்கினோம். தண்ணீர் ஏறினால் தானே ஓடும். இந்த மோட்டாருக்குத் தனி லைன் இழுங்கள். அறைக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (ஷாக் அடித்தால் கரண்டை வெட்டும் சுவிட்ச்) கட்டாயம், சுவிட்ச் போர்டெல்லாம் நான்கடி உயரத்தில்.

காற்று

ஒரு மூலையில் தரைக்கு அருகே நான்கு அங்குல பிவிசி குழாய் வழியாக வெளிக்காற்று உள்ளே வர வேண்டும். எதிர் மூலையில், உச்சியில், எக்ஸாஸ்ட் ஃபேன். இரண்டு வாயிலும் வலை அடியுங்கள். கொசுவுக்கு மட்டுமில்லை, எங்கள் பக்கம் சாரைப்பாம்பும் குளிர்ச்சி தேடி வரும். மழை அடிக்கிற நாளில் ஃபேனை நாள் முழுக்க ஓடவிட்டால் வெளி ஈரமும் சேர்ந்து உள்ளே வரும், வெயில் வந்தபின் போடுங்கள். காட்டு விடுதி மாதிரி இருக்கட்டும் என்று கரி அடுப்பைக் கீழே கொண்டுபோகாதீர்கள். ஜெனரேட்டரும் கூடாது. புகை நிற்கும், ஆளைக் கொல்லும்.

எதை மாட்டக் கூடாது

வேட்டை அறை என்றதும் எல்லோருக்கும் மான் தலை ஞாபகம் வருகிறது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. புள்ளிமான், மிளா இவற்றின் கொம்பு, தோல், புலிநகம் எதுவானாலும், முதன்மை வன உயிரினக் காப்பாளர் கொடுத்த உரிமைச் சான்று இல்லாமல் வீட்டில் வைத்திருப்பது குற்றம். "உதிர்ந்து கிடந்தது", "பாட்டன் காலத்துது" என்பதெல்லாம் எடுபடாது. பழைய நாட்டுத் துப்பாக்கியும் உரிமம் இல்லாமல் சுவரில் தொங்கக் கூடாது. காட்டு முயலும் கௌதாரியும் இதே சட்டத்துக்குள்தான் வருகின்றன. சிவராத்திரியை ஒட்டிப் பாரிவேட்டை போகிற ஊர்களில் வனத்துறை வந்து நிற்பது அதனால்தான். மயில்தோகைக்கு மட்டும் விலக்கு உண்டு, தானாக உதிர்ந்ததைப் பொறுக்கி வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு இதில் வருத்தமே இல்லை. செத்த தலை முறைத்துப் பார்க்கும் அறையில் யார் மதியம் தூங்குவது? பிடிபட்டதை மாட்டாமல், பிடிக்க உதவிய கருவியை மாட்டுவது என்று முடிவு செய்தேன்.

கொம்பு வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்குச் செம்மறிக் கிடாய்க் கொம்பு இருக்கிறது. கருப்பசாமிக்குக் கிடா வெட்டும் வீட்டில் சொல்லிவைத்தால் கிடைக்கும். உள்ளே எலும்பு, மேலே உறை மாதிரி கொம்பு. தண்ணீரில் ஊறப்போட்டால் சில நாளில் உறை இளகும், திருகினால் கழன்று வரும். அதை நிழலில் காயவைத்து, துணியில் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் கருந்தேன் நிறத்தில் மின்னும். ஆனால் அந்த வாளியை மொட்டை மாடியில், காற்று அடிக்கும் திசை பார்த்து வையுங்கள். எங்கள் பக்கத்து வீட்டு அத்தை மூன்று நாள் எலி செத்துவிட்டது என்று தேடிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

தலைதான் வேண்டும் என்றால் விளாச்சேரிக்குப் போங்கள். திருப்பரங்குன்றம் பக்கம்தான். சாமி சிலையும் கொலு பொம்மையும் செய்கிற கைகள் களிமண்ணில் ஒரு மான் தலையோ முயலோ செய்யாதா? அளவைச் சொல்லி, பின்பக்கம் மாட்டுவதற்கு ஓட்டை வைக்கச் சொல்லுங்கள்.

சுவர்

பிளாஸ்டிக் எமல்ஷன் வேண்டாம். சுவர் மூச்சுவிட முடியாமல் மறுபடி அப்பளம் பொரியும். சுண்ணாம்பு அடியுங்கள். கல் சுண்ணாம்பை முதல் நாளே தண்ணீர் விட்டுத் தாளித்து ஆறவைத்து, துணியில் வடிகட்டி, நீர்க்க மூன்று கோட்டு. தாளிக்கும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். வழக்கமாகச் சேர்க்கும் வஜ்ரப் பசையை இங்கே விட்டுவிடுங்கள், அது பூஞ்சைக்குச் சாப்பாடு. வெறும் சுண்ணாம்பில் பூஞ்சை லேசில் வராது.

மண்ணுக்குள் இருக்கும் நீளச் சுவரில் நான் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அழகர்மலையில் கிடாரிப்பட்டிக் குகைத்தளத்திலும், மேலூரைத் தாண்டிக் கருங்காலக்குடியிலும் பழைய பாறை ஓவியங்கள் இருக்கின்றன. குச்சிக் கை, குச்சிக் கால் மனிதர்களும் விலங்குகளும். நேரில் போய்ப் பாருங்கள், போட்டோ எடுங்கள். நன்றாகத் தெரியட்டும் என்று தண்ணீர் தெளிக்கவோ மேலே தாள் வைத்து வரையவோ கூடாது. வீட்டுக்கு வந்து செங்காவிப் பொடியைச் சுண்ணாம்புத் தண்ணீரில் குழைத்து, பிரஷை விட்டுவிட்டு விரலால் வரையுங்கள். எனக்குப் படம் வரையவே வராது. இந்தச் சுவரில் அது தெரியவில்லை. என் மகள் வரைந்த மாட்டுக்கு ஐந்து கால், அதை அப்படியே விட்டுவிட்டோம்.

ஊத்தா விளக்கு

ஊத்தா தெரியாதவர்களுக்கு: மூங்கில் சிம்புகளை வளையமாகக் கட்டிய, மேலும் கீழும் திறந்த கூடை. அடிவாய் அகலம், மேல்வாய் கை நுழைகிற அளவு. கண்மாய் வற்றி முழங்கால் தண்ணீர் நிற்கும்போது, ஊர்ப் பெரியவர் துண்டை வீசியதும் மொத்தச் சனமும் இறங்கும். இதைத்தான் அழி விடுவது என்பார்கள். ஊத்தாவைச் சேற்றில் குத்திக் குத்திப் போக வேண்டும். உள்ளே 'தப்' என்று முட்டினால் மேல்வாய் வழியாகக் கைவிட்டு விராலையோ கெளுத்தியையோ அள்ளலாம். கெளுத்தி என்றால் கையில் முள் ஏறும், அது வேறு கதை.

பழைய ஊத்தாவில் சேறும் மீன் வாடையும் ஊறியிருக்கும். தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவி, நல்ல வெயிலில் மூன்று நாள் காயவையுங்கள். ஆயுள் முழுக்கத் தண்ணீரில் கிடந்த சாமான் எல்லாமே காயாமல் கீழே இறங்கினால் பூத்துப்போகும். வலை, கச்சா, பரி என்று மற்ற மீன்பிடிச் சாமான் எல்லாவற்றுக்கும் இதே விதி.

அடுத்தது உளுப்பு. மூங்கிலுக்கு அடியில் மஞ்சள் மாவு மாதிரி கொட்டிக் கிடந்தால் உள்ளே வண்டு தின்கிறது என்று அர்த்தம். 10 லிட்டர் தண்ணீரில் 300 கிராம் வெங்காரமும் (போராக்ஸ்) 200 கிராம் போரிக் பவுடரும் கரைத்து, ஊத்தாவை ஒரு நாள் முழுக்க முக்கிவைத்து, நிழலில் உலர்த்துங்கள். குழந்தைகளும் ஆடுமாடும் அந்தத் தண்ணீர்ப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி விளக்கு. மேல்வாயின் குறுக்கே ஒரு மரக்குச்சியை வைத்து, அதில் பல்ப் ஹோல்டரைக் கயிற்றால் கட்டுங்கள். ஆணியும் ஸ்க்ரூவும் வேண்டாம், சிம்பு பிளந்துவிடும். 7 வாட் எல்இடி, வார்ம் ஒயிட். பழைய குண்டு பல்பு சூட்டில் மூங்கிலைக் கருக்கிவிடும். பல்பு ஊத்தாவின் மேல் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் சிம்புகளின் நிழல் நீளமாக நான்கு சுவரிலும் விழும். கீழே இறக்கினால் தரையில் வெளிச்ச வட்டம் மட்டும்தான். ஏற்றி இறக்கி, உங்களுக்குப் பிடித்த இடத்தில் முடிச்சுப் போடுங்கள். என் அறையில் ஃபேன் கொக்கியில் மாட்டியதில் அடிவாய் ஆறடியில் நின்றது. பெரியப்பா முதல் நாளே நெற்றியில் வாங்கிக்கொண்டார். இப்போது அதற்கு நேர் கீழே மேஜை இருக்கிறது.

மற்ற கருவிகள்

தூண்டில் கம்புகளுக்கு, பள்ளம் வெட்டிய இரண்டு மரச்சட்டங்களைச் சுவரில் அடித்துப் படுக்க வைத்தாலே போதும். நெட்டுக்குத்தாகச் சாய்த்தால் கம்பு வளையும். தங்கூசி நரம்பும் மயிலிறகுத் தண்டில் செய்த தக்கையும் அப்படியே இருக்கட்டும், முள்ளை மட்டும் கழற்றிவிடுங்கள். நான் ஒரு முள்ளை மறந்து, துண்டு மாட்டி, அப்புறம் சட்டையும் மாட்டி, கடைசியில் காதும் மாட்டப் பார்த்தது.

எறிந்து வேட்டையாடுகிற வளரி இல்லாமல் நம் பக்கத்து வேட்டை அறை நிறையாது. பிறை வடிவம், ஒரு முனை கனம், மறு முனை கைப்பிடி. சின்ன மருதுவிடம்தான் வேல் எறியவும் வளரி வீசவும் கற்றேன் என்று ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி எழுதிவைத்திருக்கிறார். 1801இல் அதே மருதுவுக்கு எதிரான படையிலும் அவர் இருந்தார். வளரிக்குப் பழைய சாமான் கடைகளில் அலைய வேண்டாம், ஆசாரியிடம் படத்தைக் காட்டி மரத்தில் செய்துகொள்ளுங்கள். வேட்டை நாய்க்கு ஒரு சின்ன ஃபிரேம் போதும்: 2005இல் அஞ்சல்துறை வெளியிட்ட நாய்ப் படத் தபால்தலைகளில் ராஜபாளையமும் உண்டு. தபால்தலை சேகரிப்பவர்களிடம் கிடைக்கும்.

மீன்தொட்டி? முதல் வருடம் வேண்டாம். மூன்றடிக்கு ஒன்றரைக்கு ஒன்றரை தொட்டியில் 190 லிட்டர் பிடிக்கும், அது ஆவியாவதும் இதே அறைக்குள்தான். ஒரு மழைக்காலம் அறை தாங்கினால் அப்புறம் அயிரை விடுங்கள். அடியில் மணல் போட்டால் அதற்குள் புதைந்து முகத்தை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். விரால் விட்டால் மூடி கட்டாயம், துள்ளி வெளியே விழுந்துவிடும்.

உட்கார

சோபா வாங்கவில்லை. மண்ணுக்குள் இருக்கும் சுவரை ஒட்டிச் செங்கல்லில் திண்ணை: ஒன்றரை அடி உயரம், இரண்டடி அகலம், மேலே ரெட் ஆக்சைடு. மண்ணின் குளிர்ச்சி முதுகில் ஏறும். சித்திரை வெயிலில் அதற்கு ஈடு இல்லை.

பெரியப்பாவுக்கும் திண்ணைதான் பிடித்தது. போன மாசியில் வந்தவர் படுத்தபடியே மேலே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏண்டா, நம்ம கண்மாய்ல அழி விடுறாங்க. அந்த ஊத்தாவக் கழட்டு" என்றார். கயிற்று முடிச்சை அவிழ்க்க ஒரு நிமிடம் ஆனது. நான்கு நாள் வெறும் பல்பு தொங்கியது. திரும்பி வந்த ஊத்தாவை மறுபடி கழுவி, வெயிலில் காயப்போட்டிருக்கிறேன்.