மீனைத் தாண்டி எறியாதீங்க: கரைத் தூண்டிலில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்துச் சொத்தவிளைக் கடற்கரையில் நான் முதன்முதலாகத் தூண்டில் போட்ட சாயங்காலம், கையில் 12 அடி ராடு இருந்தது. எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு பெரிய மீன் விழும் என்று நினைப்பு. ஒரு மணி நேரம் எறிந்தும் ஒரு கடிகூட இல்லை. வலையை மடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "மக்களே, மீனு அலை உடையுத இடத்துல நிக்கு. நீ அதத் தாண்டி எறியுத."

அவர் கைகாட்டிய இடம் கரையிலிருந்து முப்பது அடி இருந்தால் அதிகம். அலை உடைந்து திரும்பும்போது மணலை அரித்து, கரையை ஒட்டி நீளமாக ஒரு பள்ளம் பறிக்கும். மணலுக்குள் புதைந்திருக்கும் புழு, சிப்பி, குட்டி நண்டு எல்லாம் கிளறப்பட்டு அதில்தான் புரளும். கிழங்கான் போன்ற மீன்கள் அதைத் தின்ன அங்கேயே வரும். நுரைக்கு இந்தப் பக்கம் தண்ணீர் நிறம் சற்றுக் கருத்து, அலை உடையாமல் கடந்து போனால் அங்கே பள்ளம் இருக்கிறது என்று அர்த்தம். முதல் எறி அங்கே விழட்டும். தூரம் எறிவதை அப்புறம் பழகிக்கொள்ளலாம்.

அடுத்த தவறு தூண்டில் முள். பெரிய மீன் ஆசையில் பெரிய முள்ளைக் கட்டுகிறோம். கிழங்கானுக்கு வாய் சின்னது. இரையைச் சுற்றிச் சுற்றிக் கொத்தித் தின்றுவிட்டு, வெறும் முள்ளை நமக்கு விட்டுவிடும். சின்ன முள்ளில் இறால் துண்டை நுழைத்து, நுனி மட்டும் வெளியே தெரியும்படி விடுங்கள். சாளையை (மத்தி) வெட்டிப் போடுவதாக இருந்தால், அதன் சதை மென்மையானது, எறிகிற வேகத்திலேயே பிய்ந்து பறந்துவிடும். மெல்லிய எலாஸ்டிக் நூலால் நாலு சுற்றுச் சுற்றினால் நிற்கும். நாலு நாள் ஐஸில் கிடந்த இரை வேண்டாம். காலையில் கரைக்கு வரும் வள்ளத்தில் கேட்டாலே புதுச் சாளை கிடைக்கும்.

எறியும் முன் பின்னால் திரும்பிப் பாருங்கள். தூண்டில் நரம்பு அறுந்து பறக்கும் 100 கிராம் ஈயம் ஒருவர் தலையில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஈயத்துக்கு மேலே சில பாகம் (ஒரு பாகம் என்பது இரு கையையும் விரித்த நீளம்) தடித்த நரம்பு முடிவது இதற்காகத்தான்.

இனிச் சொல்வதைத்தான் நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். வந்ததும் ராடைப் பிரிக்காதீர்கள். கால் மணி நேரம் கடலை மட்டும் பாருங்கள். சின்ன அலைகள் பல வந்த பிறகு பெரிய அலைகள் நாலைந்து சேர்ந்து வரும். அவை எதுவரை ஏறுகின்றன என்று பார்த்து, அதற்கும் மேலே நில்லுங்கள். கள்ளக்கடல் நாளில் இந்தக் கணக்கும் செல்லாது. எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத வெயில் நாளில் வந்து ஏறும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவம் படித்த ஐந்து இளைஞர்களை அலை கொண்டுபோனது. அன்றைக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் (INCOIS) என்ற கடல் தகவல் மையம் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. கிளம்பும் முன் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் வீட்டில் இருங்கள்.

கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கல் அடுக்கிய தூண்டில் வளைவுக் கற்கள் மேல் ஏறி நின்று போடுவது நம் ஊரில் பலருக்குப் பிடித்தமானது. பாசி படிந்த கல் வழுக்கும், இடுக்கில் கால் மாட்டும். கடலுக்கு முதுகு காட்டி இரை கோக்கவே கூடாது. ஆனி, ஆடியில் குளச்சல், முட்டம் பக்கக் கற்களை விட்டுவிடுங்கள். கடல் அடங்கியிருந்தால் வட்டக்கோட்டைப் பக்கம் போகலாம்.

மீசை வைத்த கெளிறு மீன் மாட்டினால் வெறுங்கையால் பிடிக்காதீர்கள். முதுகிலும் இரு பக்கமும் உள்ள முட்களில் விஷம் உண்டு. குத்திவிட்டால் தோல் வெந்துவிடாத, பொறுக்கக்கூடிய சூட்டில் உள்ள வெந்நீரில் அரைமணி நேரமாவது முக்கி வைத்தால் வலி குறையும். அப்புறம் மருத்துவரைப் பாருங்கள். உடம்பை ஊதிக்கொள்ளும் பேத்தை மீன் மாட்டினால் கடலிலேயே விட்டுவிடுங்கள். அதன் விஷம் எவ்வளவு வேகவைத்தாலும் போகாது.

கரையில் நின்று கரமடி வலை இழுக்கும் இடத்திலும் வள்ளம் ஏறி இறங்கும் இடத்திலும் நரம்பை நீட்டாதீர்கள். அது மீனவர்கள் பிழைப்பு, நமக்கு இது பொழுது. எங்கே நிற்கலாம் என்று கேட்டால் அவர்களே நல்ல இடம் காட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை நம் மாவட்டத்தில் பெரும்பாலும் கடலுக்குப் போக மாட்டார்கள், அன்றைக்குக் கரை காலியாக இருக்கும்.

அறுந்த நரம்பையும் உடைந்த முள்ளையும் மணலில் விடாமல் ஒரு டப்பாவில் போட்டு எடுத்து வாருங்கள். கரமடி இழுப்பவர்கள் கடலைப் பார்த்தபடி வெறுங்காலோடு பின்னாலேயே நடப்பவர்கள். பின்னால் கிடக்கும் முள் அவர்கள் கண்ணில் படாது.