செக் ரிட்டர்ன்: பேசி முடிக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருவருக்குப் புதுச்சேரிக் கடைக்காரர் கொடுத்த 3 லட்சம் ரூபாய் செக், கணக்கில் பணமில்லாமல் திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கோர்ட்டுக்குப் போகாமல் பேசி முடிக்க இருவருக்கும் விருப்பம். நல்லதுதான். செக் திரும்பினால் செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் போடும் வழக்கு கிரிமினல் வழக்கு என்றாலும் அதில் சமரசமாகப் போகச் சட்டமே இடம் தருகிறது. ஆனால் வாய்ப்பேச்சை மட்டும் நம்பினால் இருவருமே மாட்டிக்கொள்வார்கள்.

"பொங்கலுக்குள்ள தந்துடறேன் அண்ணே" என்ற பேச்சை நம்பி நாளைக் கடத்துவது முதல் தவறு. செக் திரும்பியதாக வங்கி சொன்ன 30 நாளுக்குள் பணத்தைக் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். அது கிடைத்த 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்கு. நோட்டீஸ் அனுப்புவது பகை இல்லை, அனுப்பிவிட்டே பேசலாம்.

அதிகம் பேர் சறுக்குவது பாதிப் பணத்தில். கடைக்காரர் ஒரு லட்சத்தை ஜிபேயில் போட்டுவிட்டு, "அதே செக்கை அடுத்த மாசம் போடுங்க" என்கிறார். செக்கின் மூன்று மாத ஆயுளுக்குள் மறுபடி போடலாம், சரி. ஆனால் வரவேண்டியது 2 லட்சம்தான். செக்கிலோ 3 லட்சம். வந்த தொகையைச் செக்கிலேயே குறிக்காமல் முழுத்தொகைக்குப் போட்டால், அது திரும்பினாலும் 138 பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லிவிட்டது. பேசாமல் பாக்கிக்குப் புது செக் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்து இதுதான் சுலபமான வழி.

பணம் கொடுப்பவர் செய்யும் தவறு வேறு. ரொக்கமாகக் கொடுத்து, ரசீதும் பழைய செக்கும் வாங்காமல் வந்துவிடுவார். வழக்கு நடந்துகொண்டிருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். 'பணம்தான் கொடுத்தாச்சே' என்று வாய்தாவுக்குப் போகாமல் விட்டால் வாரண்ட் வரும். வியாபாரியின் கணக்கு பண்ருட்டிக் கிளையில் இருந்தால் வழக்கும் அந்தப் பகுதி கோர்ட்டில்தான். புதுச்சேரியிலிருந்து அலைய வேண்டியவர் இவர்தான். சமரசமானதைக் கோர்ட்டில் பதிவு செய்தால்தான் வழக்கு முடியும்.

தவணையில் தருவதாகப் பேச்சு என்றால் வெறும் பத்திரத்தில் எழுதி நிறுத்தாதீர்கள். வழக்கை லோக் அதாலத்துக்கு (சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) அனுப்பக் கேளுங்கள். வழக்குப் போடும் முன்பே பேசுவதானாலும் கடலூர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். அதற்காக நோட்டீஸ் கெடுவை மட்டும் விட்டுவிடாதீர்கள். லோக் அதாலத் தீர்ப்பு சிவில் கோர்ட் டிக்ரிக்குச் சமம், அப்பீல் கிடையாது. தவணை தவறினால், தீர்ப்புப்படி பணத்தை வசூலிக்க நேராக நிறைவேற்று மனுப் போடலாம். எந்தத் தேதியில் எவ்வளவு, ஒரு தவணை தவறினால் மீதி மொத்தமும் உடனே தர வேண்டுமா என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.