கண்மாய்ப் பாசனத்தை மதிப்பிடுவது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரங்களில் நெல் வயல்கள் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் கண்மாய்களையே (ஏரிகளையே) நம்பியிருக்கின்றன. கலுங்கு (மிகைநீர் வழியும் அமைப்பு) பாய்ந்துவிட்டால் அந்த ஆண்டுப் பாசனம் சிறப்பு என்று ஊரார் கருதுவதுண்டு. ஆனால் கண்மாயில் நீர் நிற்பதும் வாய்க்காலின் கடைசியிலுள்ள கடைமடை வயலுக்கு அது போய்ச் சேர்வதும் வெவ்வேறு.

படி 1: ஆயக்கட்டு

பதிவேட்டிலுள்ள ஆயக்கட்டுப் பரப்பை, அதாவது கண்மாய் நீரால் பாசனம் பெற வேண்டிய நிலத்தின் அளவை, முதலில் குறித்துக்கொள்ளுங்கள். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டுள்ள கண்மாய்களின் விவரம் நீர்வளத்துறையிடமும், சிறியவற்றின் விவரம் ஊராட்சி ஒன்றியத்திடமும் கிடைக்கும். அந்த ஆண்டு உண்மையில் பயிரான பரப்பைக் கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலிலிருந்து எடுங்கள். கிணற்று நீரால் விளைந்த வயல்களைத் தனியே கழிக்காவிட்டால், கண்மாய்க்குச் சேராத பெருமை அதற்குச் சேர்ந்துவிடும்.

படி 2: மடை நீரை அளத்தல்

மடையிலிருந்து (மதகிலிருந்து) வரும் வாய்க்காலில் நேரான, சீரான 10 மீட்டர் பகுதியைத் தேர்ந்து, ஓர் எலுமிச்சம்பழத்தை மிதக்கவிட்டு, அது கடக்கும் நேரத்தைச் சில முறை குறித்துச் சராசரி எடுங்கள். மேற்பரப்பு நீர் அடிநீரைவிட வேகமாக ஓடுவதால், 10 மீட்டரை அந்த நேரத்தால் வகுத்துக் கிடைக்கும் வேகத்தை 0.85ஆல் பெருக்க வேண்டும். அதை வாய்க்கால் நீரின் அகலத்தாலும் ஆழத்தாலும் பெருக்கினால் ஓடும் நீரின் அளவு கிடைக்கும். அகலம் 1 மீட்டர், ஆழம் 30 செ.மீ., நேரம் 25 வினாடி என்றால், வினாடிக்குச் சுமார் 100 லிட்டர் ஓடுகிறது. 12 மணி நேரம் திறந்திருந்தால், 40 ஹெக்டேருக்கு அது ஏறத்தாழ 11 மி.மீ. நீராகும்.

படி 3: தலைமடையும் கடைமடையும்

என் கருத்தில் மதிப்பீட்டின் உயிர் இதுதான். ஒரே முறைப்பாய்ச்சலின்போது (முறைவைத்து நீர் விடும்போது) வாய்க்காலின் தொடக்கத்திலுள்ள தலைமடை, கடைசியிலுள்ள கடைமடை ஆகிய இரண்டு இடங்களிலும் அளந்து, ஏக்கருக்குக் கிடைத்த நீரை ஒப்பிடுங்கள். கடைமடையில் பாதிதான் கிடைக்கிறது என்றால், சராசரிக் கணக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் பகிர்வு சரியில்லை. வயல்களுக்கு நீர் திறந்துவிடும் ஊர்ப் பணியாளரான நீர்ப்பாய்ச்சியிடம் கேட்டால், எந்த இடத்தில் வாய்க்கால் தூர்ந்திருக்கிறது, யார் குறுக்கே மறிக்கிறார்கள் என்பதையும் அறியலாம்.

படி 4: தேவையும் வழங்கலும்

நெல்லுக்கு ஒரு பருவத்தில் ஏறத்தாழ 1,200 மி.மீ. நீர் தேவை. பாசனநீரையும் பருவத்தில் வயலில் பெய்த மழையையும் கூட்டி, இத்தேவையால் வகுத்தால் ஒப்பீட்டு நீர் வழங்கல் கிடைக்கும். கொழும்பிலுள்ள பன்னாட்டு நீர் மேலாண்மை நிறுவனம் பல வளரும் நாடுகளின் பாசனத் திட்டங்களை ஒப்பிட இதைப் பயன்படுத்தியுள்ளது. விடை 1க்குக் குறைந்தால் பற்றாக்குறை, மிகுந்தால் உபரி. ஆனால் உபரியை வீண் என்று உடனே எழுதிவிடாதீர்கள்: கசிந்த நீரில் ஒரு பகுதி கிணறுகளில் ஊறுகிறது.

விளைச்சலை நீரின் கனமீட்டரால் வகுப்பதை இறுதியில் சேர்க்கலாம். இவ்வளவையும் மழை நிறைந்த ஓராண்டிலும் குறைந்த ஓராண்டிலும் செய்து, இரு கணக்குகளையும் அருகருகே எழுதி வையுங்கள்.