ரைம்ஸ் பாட்டுகளின் வயதைத் தேடுவோம்: வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வரலாற்றுப் பாடம்

‘ரிங் அ ரிங் ஓ ரோசஸ்’ பாட்டு 1665-ல் லண்டனைச் சூறையாடிய பிளேக் நோயைப் பற்றியது என்று எங்கேயாவது படித்திருப்பீர்கள். ரோஜா என்பது தோலில் வந்த சிவப்புத் தடிப்பாம். பை நிறையப் பூ என்பது நோயை விரட்ட வைத்துக்கொண்ட மூலிகையாம். தும்மினால் முடிவு நெருங்கிவிட்டது, எல்லோரும் விழுவது சாவு. கேட்டதும் பிள்ளைகளின் கண் விரியும். அதனாலேயே இந்தக் கதையைச் சொல்லிப் பாடத்தைத் தொடங்கக் கூடாது. முதலில் கேட்ட கதை ஆணியடித்தாற்போல் மனதில் உட்கார்ந்துவிடும். பிறகு எந்தச் சான்றைக் காட்டினாலும் நகராது.

இந்தப் பாடம் முழுவதற்கும் இரண்டே கேள்விகள்தான். பாட்டு முதலில் அச்சில் வந்தது எப்போது? பாட்டுக்குச் சொல்லப்படும் விளக்கம் முதலில் வந்தது எப்போது? இரண்டு தேதிகளையும் தரையில் வைத்துப் பார்க்கும் பிள்ளைக்கு மீதி தானாகவே விளங்கும்.

தரையில் வைக்க ஒரு காலநாடா வேண்டும். ஏழு ஏ4 தாள்களை நீளவாக்கில் பாதியாக வெட்டினால் 29.7 செ.மீ. நீளமுள்ள 14 பட்டைகள் கிடைக்கும். ஒன்றின் மேல் ஒன்று 1 செ.மீ. ஏறும்படி ஒட்டினால் 4 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வரும். 1 செ.மீ. என்றால் 1 ஆண்டு. இடது முனை 1600, வலது முனை 2000. முழுவதையும் ஒட்டி முடித்த பிறகே அளவுகோலை எடுங்கள். பட்டைகளில் முன்கூட்டியே கோடு போட்டால், ஒவ்வொரு ஒட்டிலும் ஓர் ஆண்டு மறைந்து, கடைசியில் 13 ஆண்டுகள் காணாமல் போயிருக்கும். 10 செ.மீ.க்கு ஒரு பெரிய கோடும் ஆண்டும் எழுதினால் போதும். 1744 எங்கே என்று கேட்டால் பிள்ளையே 1600-ஐக் கழித்து, 144-வது செ.மீ.க்குப் போய் நிற்கும். கணக்குப் பாடமும் கூடவே நடந்துவிடும்.

மூன்று நிறத்தில் சிறு அட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். பாட்டு அச்சான ஆண்டுக்குப் பச்சை, வரலாற்று நிகழ்ச்சிக்குச் சிவப்பு, பாட்டுக்கான விளக்கம் தோன்றிய ஆண்டுக்கு மஞ்சள். ஒவ்வொரு அட்டையிலும் ஆண்டு, ஒரு வரிச் செய்தி, எந்தப் புத்தகத்தில் பார்த்தோம் என்பது ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். புத்தகத்தின் பெயர் இல்லாத அட்டையை நாடாவில் வைக்க விடாதீர்கள். இந்த ஒரு விதியை மட்டும் தளர்த்தவே கூடாது.

முதல் வாரம்: ரிங் அ ரிங் ஓ ரோசஸ்

வாரம் ஒரு பாட்டு, அரை மணி நேரமாக இரண்டு அமர்வுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் அமர்வில் வரலாறே வேண்டாம். கைகோத்துச் சுற்றி ஆடுங்கள், விழுங்கள். பிறகு பிள்ளைக்குத் தெரிந்த வரிகளை அப்படியே எழுதச் சொல்லுங்கள். வீட்டுப் பெரியவர் இருவரைத் தொலைபேசியில் அழைத்து, அவர்கள் சிறு வயதில் பாடியது எப்படி என்று கேட்டு எழுதட்டும். ஒருவர் தும்மலைப் பாடுவார், இன்னொருவர் சாம்பலைப் பாடுவார். வாய்மொழியாக வரும் பாட்டில் சொல் மாறிக்கொண்டே இருக்கும் என்பதை நீங்கள் விளக்கவே தேவையில்லை.

இரண்டாம் அமர்வுக்கு கேட் கிரீனவே 1881-ல் வெளியிட்ட ‘மதர் கூஸ்’ படப்புத்தகத்தைத் திறந்து வையுங்கள். புராஜெக்ட் குடன்பெர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இந்தப் பாட்டு இங்கிலாந்தில் அச்சேறியதற்கு நமக்குக் கிடைக்கும் பழைய சான்றுகளில் ஒன்று அது. தாங்கள் எழுதிய வரிகளை அந்தப் பக்கத்தோடு ஒப்பிடும்போது, தும்மல் எங்கே என்று பிள்ளைகளே கேட்பார்கள். அங்கே தும்மலும் இல்லை, சாம்பலும் இல்லை. ‘ஹஷ்’ என்று நான்கு முறை சொல்லிவிட்டு எல்லோரும் உருண்டு விழுகிறார்கள், அவ்வளவுதான்.

இப்போது பச்சை அட்டையை 281-வது செ.மீ.யில் வையுங்கள். பிளேக் கதையைச் சொல்ல வேண்டிய இடம் இதுதான். கதையைச் சொல்லி, சிவப்பு அட்டையை 65-ல் வைத்து, இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். 216 செ.மீ. வரும். பிள்ளையை அந்த இடைவெளியில் படுக்கச் சொன்னால், தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் இடம் மிஞ்சும். பிளேக்குக்கும் அச்சில் வந்த பாட்டுக்கும் நடுவே தன்னைவிட நீளமான மௌனம் இருக்கிறது என்பதை உடம்பாலேயே தெரிந்துகொள்ளும். மஞ்சள் அட்டைக்கு இடம் 350-ஐ ஒட்டி. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகுதான் பிளேக் விளக்கம் பரவலானது. அயோனா ஓபி, பீட்டர் ஓபி தம்பதி 1951-ல் வெளியிட்ட ஆக்ஸ்ஃபோர்டு குழந்தைப்பாடல் அகராதியில் அந்த விளக்கத்தை எடுத்துக்கொண்டு, ஏற்க மறுத்தார்கள்.

நல்ல மாணவர் இங்கே ஒரு கேள்வி கேட்பார்: அச்சாகாமலே 200 ஆண்டுகள் பாடியிருக்கக் கூடாதா? பாராட்ட வேண்டிய கேள்வி, மழுப்பாதீர்கள். அச்சான தேதி பாட்டு பிறந்த தேதி அல்ல. அதற்குள் பாட்டு இருந்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. அமெரிக்காவில் வில்லியம் வெல்ஸ் நியூவெல் 1883-ல் வெளியிட்ட தொகுப்பில், மாசசூசெட்ஸின் நியூ பெட்ஃபோர்டில் 1790 வாக்கிலேயே இதன் ஒரு வடிவம் பாடப்பட்டதாக எழுதியிருக்கிறார். இதற்கு ஒரு வெள்ளைத் தாளில் பென்சிலால் எழுதி 190-ல் வையுங்கள். நினைவிலிருந்து வந்த செய்தி அச்சுச் சான்று ஆகாது, ஆனாலும் தூக்கி எறியக் கூடாது. அந்த வடிவத்தில் யாரும் விழுவதுகூட இல்லை. சிவப்பு அட்டைக்கும் அதற்கும் இன்னும் 125 செ.மீ. இருக்கிறது. போதாததற்கு, தும்மல் பிளேக்கின் அடையாள அறிகுறி அல்ல. அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டி வீங்குவதே அதன் அடையாளம். ஆகவே பிள்ளை எழுதவேண்டிய முடிவு ‘பொய்’ என்பதல்ல, ‘சான்று இல்லை’ என்பது. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொண்டாலே இந்த வாரத்துப் பாடம் முடிந்தது.

1744: உள்ளங்கையில் அடங்கும் புத்தகம்

அடுத்த இரண்டு வாரங்களுக்கு ‘டாமி தம்ப்ஸ் ப்ரிட்டி சாங் புக்’ ஒன்றே போதும். மேரி கூப்பர் லண்டனில் 1744-ல் வெளியிட்ட இந்தக் குட்டிப் புத்தகத்தின் இரண்டாம் பாகம் இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. ‘பா பா பிளாக் ஷீப்’, ‘ஹிக்கரி டிக்கரி டாக்’, ‘லண்டன் பிரிட்ஜ்’ எல்லாம் அதில் உண்டு. பழைய பக்கத்தின் படத்தைக் காட்டுமுன் ஓர் எச்சரிக்கை: அக்கால ஆங்கில அச்சில், சொல்லின் முதலிலும் நடுவிலும் வரும் ‘எஸ்’ எழுத்து நீளமாக, ஏறக்குறைய ‘எஃப்’ போலவே இருக்கும். பிள்ளைகள் ‘எஸ்’ஸை ‘எஃப்’ என்று படித்துச் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும், குறுக்குக்கோடு தண்டைத் தாண்டி வலப்பக்கம் போகிறதா என்று உருப்பெருக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். தாண்டினால் ‘எஃப்’, தாண்டாவிட்டால் ‘எஸ்’.

‘பா பா பிளாக் ஷீப்’ 1275-ல் முதலாம் எட்வர்ட் விதித்த கம்பளி வரியைப் பழித்த பாட்டு என்பார்கள். எசமானுக்கும் சீமாட்டிக்கும் போனபின் சிறுவனுக்கு ஒன்றுமில்லை என்பதே மூல வரி, வரிக்கொடுமையை மறைக்கப் பின்னாளில் மாற்றிவிட்டார்கள் என்பது அந்த வாதம். 1744 பக்கத்தை எடுத்து வையுங்கள். சிறுவனுக்கு ஒரு மூட்டை கிடைத்திருக்கிறது! அவனுக்கு இல்லை என்ற வடிவம் பிற்காலத்து ‘மதர் கூஸ்’ஸஸ் மெலடி’யில்தான் வருகிறது. பழைய புத்தகத்தைத் திறந்தவுடன் வாதம் தலைகீழாகக் கவிழ்வதைப் பிள்ளைகள் நேரில் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

‘சிங் எ சாங் ஆஃப் சிக்ஸ்பென்ஸ்’ பாட்டையும் அதே 1744 புத்தகத்தில் தேடச் சொல்லுங்கள். அப்பத்துக்குள் வைத்துச் சுடப்பட்டவை 24 கரும்பறவைகள் அல்ல, 24 குறும்புப் பையன்கள். பத்து வயதைத் தாண்டியவர்களுக்கு இதன் தொடர்ச்சியும் உண்டு. இந்தப் பாட்டு கடற்கொள்ளையர் ஆள் சேர்க்கப் பயன்படுத்திய சங்கேதம் என்றொரு கதை இணையத்தில் உலவுகிறது. வதந்திகளை ஆராயும் ஸ்நோப்ஸ் தளமே, வாசகர்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார்களா என்று பார்க்க வேண்டுமென்றே புனைந்த கதை அது. பத்துத் தளங்களில் ஒரே செய்தி இருந்தால் பத்துச் சான்று ஆகாது. ஒருவரிடமிருந்து ஒருவர் நகலெடுத்ததாக இருக்கலாம். யார் முதலில் சொன்னார் என்று பின்னோக்கிப் போகும் பழக்கத்தை இங்கே தொடங்குங்கள்.

நாடாவே தீர்ப்புச் சொல்லும் பாட்டு ‘ஜாக் அண்ட் ஜில்’. 1793-ல் தலை வெட்டப்பட்ட பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயியும் மரி அந்துவானெத்தும்தான் இருவரும் என்பார்கள். அந்தப் பாட்டு உள்ள ‘மதர் கூஸ்’ஸஸ் மெலடி’ 1780-லேயே லண்டனில் பதிவாகிவிட்டது. பச்சை 180-ல், சிவப்பு 193-ல். பாட்டு முந்தி, நிகழ்ச்சி பிந்தி என்றால் பேச்சுக்கே இடமில்லை. முதலில் எதைச் செய்வது என்று தயங்குபவர்கள் இதிலிருந்தும் தொடங்கலாம், ஐந்து நிமிடத்தில் முடியும்.

‘ஹம்ப்டி டம்ப்டி’யில் கேட்க வேண்டியது வேறு. முட்டை என்ற சொல் பாட்டில் எங்கே வருகிறது? வராது, ஏனென்றால் அது ஒரு விடுகதை, முட்டை அதன் விடை. சாமுவேல் ஆர்னால்டு 1797-ல் அச்சிட்ட வடிவத்தில் மன்னரின் குதிரைகளும் இல்லை, எண்பது பேரும் இன்னும் எண்பது பேரும் வந்து தோற்கிறார்கள். லூயிஸ் கரோலின் 1871 புத்தகத்தில் முட்டையாகவே படம் வந்தபின் விடுகதை விடுகதையாக இல்லாமல் போயிற்று. ஹம்ப்டி டம்ப்டி என்பது 1643-ல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகர முற்றுகையில் வந்த கோட்டை தகர்க்கும் எந்திரம் என்ற விளக்கம் 1956-ல் வந்தது. மஞ்சள் அட்டை 356-ல்.

சொல்லுக்கு ஒரு வயது, மெட்டுக்கு ஒரு வயது

‘ட்விங்கிள் ட்விங்கிள்’, ‘பா பா பிளாக் ஷீப்’, ஏபிசி பாட்டு மூன்றையும் மூன்று பேர் ஒரே நேரத்தில் பாடிப் பாருங்கள். மெட்டு ஒன்றே என்பது காதில் விழும். ‘ட்விங்கிள்’ வரிகள் ஜேன் டெய்லர் எழுதியவை, 1806-ல் ‘தி ஸ்டார்’ என்ற தலைப்பில் ஐந்து பத்திகளாக வெளிவந்தன. மெட்டு பிரெஞ்சு மெட்டு, 1761-லேயே அச்சில் இருக்கிறது. ஆகவே இரண்டு பச்சை அட்டைகள். மோட்சார்ட் அமைத்த மெட்டு என்பது பரவலான தவறு. ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த மெட்டை எடுத்து 12 விதமாக மாற்றி வாசித்தார், அவ்வளவே. அந்தப் பன்னிரண்டையும் கேட்டு, மெட்டு ஒளிந்திருக்கும் இடத்தில் கை தூக்கச் சொல்லுங்கள்.

‘மேரி ஹேட் எ லிட்டில் லாம்ப்’ எழுதியவர் பெயரோடு, 1830-ல் பாஸ்டனில் சாரா ஜோசஃபா ஹேல் புத்தகத்தில் வந்தது. எடிசன் 1877-ல் தன் ஒலிப்பதிவுக் கருவியில் முதலில் சொல்லிப் பார்த்த வரிகளும் இவையே. இணையத்தில் அந்தக் குரல் என்று கிடைப்பது பெரும்பாலும், 50-ம் ஆண்டு விழாவில் 1927-ல் அவர் மீண்டும் சொன்னது. 1877 தகடு எஞ்சவில்லை. அட்டையை 277-ல் ஒன்றும் 327-ல் ஒன்றுமாக வைக்க வேண்டும்.

‘லண்டன் பிரிட்ஜ்’ வாரத்தில் பிள்ளைகள் ஒட்டும் படம் பெரும்பாலும் டவர் பிரிட்ஜாக இருக்கும். இரட்டைக் கோபுரப் பாலம் 1894-ல் வந்தது, பாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பழைய கல்பாலம் 1209-ல் முடிந்து 600 ஆண்டுகளுக்கு மேல் நின்றது. 1831-ல் திறந்த அடுத்த பாலத்தின் கற்கள் இன்று அரிசோனாவின் லேக் ஹவாசு நகரில் இருக்கின்றன. 1014-ல் வைக்கிங் வீரர்கள் பாலத்தை இழுத்துத் தள்ளியதைப் பாட்டு சொல்கிறது என்ற கருத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது பழைய ஸ்காண்டிநேவிய மொழியான நார்ஸிலிருந்து சாமுவேல் லாயிங் 1844-ல் செய்த மொழிபெயர்ப்பு. ஏற்கெனவே பிரபலமாயிருந்த குழந்தைப்பாட்டின் சாயலில் அவர்தான் அந்த வரியை அமைத்தார். சிவப்பு அட்டை நாடாவில் அடங்காது. இடது முனையிலிருந்து 5 மீட்டர் 86 செ.மீ. தள்ளி வைக்கவேண்டும், அநேகமாக அது அடுத்த அறையில் போய் விழும்.

ஏழு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு ஆண்டுகள் வெறும் எண்கள். அவர்களுக்கு ஆட்டம், மெட்டு, பழைய படங்களில் வேறுபாடு தேடுதல் போதும், பிளேக் விவரம் வேண்டாம். பெரியவர்கள் புத்தகம் தேடும்போது ஒன்றில் தவறுவார்கள்: தளத்தின் ஓரத்தில் காட்டும் ஆண்டை அப்படியே எழுதிவிடுவது. அது மறுபதிப்பின் ஆண்டாகவோ, பட்டியலிட்டவரின் பிழையாகவோ இருக்கக்கூடும். தலைப்புப் பக்கத்தின் படத்தைத் திறந்து, அடியில் உள்ள ஆண்டைப் பிள்ளையே படிக்கட்டும். ரோமன் எண்களில் இருந்தால், எம் என்பது 1000, டி என்பது 500, சி என்பது 100 என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.