ஒதுக்கப்பட்டவங்களோட விசுவாசத்த நாவல்ல எப்படி எழுதறது
டிஸ்டோபியன் நாவல்ல, அதாவது கொடுமையான ஆட்சில மக்கள் மாட்டிக்கிட்டு தவிக்கற கற்பனை உலகத்தப் பத்தின நாவல்ல, ஒதுக்கப்பட்டவங்கள எழுதறப்போ மொத சாப்டர்லயே "உனக்காக உயிரக் குடுப்பேன்"னு வசனம் வெச்சுடாதீங்க, ஒட்டவே ஒட்டாது. முதல்ல சந்தேகம் இருக்கட்டும், காட்டிக்குடுத்தா ரேஷன் திரும்ப கெடைக்கும்னு அரசாங்கம் ஆசை காட்டட்டும், அப்பதான் ஒருத்தன் வாயத் தொறக்காம இருக்கறதே பெரிய விஷயமா தெரியும். அப்புறம் சின்னதா ஆரம்பிங்க, காய்ச்சல்ல கெடக்கற பொண்ணுக்கு கெழவி தன்னோட கடைசி மாத்திரைய பாதியா ஒடைச்சுக் குடுக்கறா, மீதிய முந்தானைல முடிஞ்சு வெச்சுக்கறா. அந்த மீதிப் பாதிதாங்க உயிரே, ஏன்னா அவளுக்கும் வாழணும்னு இருக்கு. நூறு பக்கம் கழிச்சு அதையும் அவ அவுத்துக் குடுக்கறப்போ வசனமே வேணாம். அவ செத்ததும் அடுத்த சீன்லயே மறந்துடாதீங்க, அவ பங்குத் தண்ணிய யாருமே தொடாம வெச்சிருக்கறதக் காட்டுங்க.