கத்தினால் கேட்காது, முகம் பார்த்துப் பேசினால் கேட்கும்

எனக்குச் சத்தம் கேட்கும், சொல்தான் பிடிபடாது. இதை வீட்டில் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "கூப்பிட்டா திரும்புறீங்க, சொன்னா மட்டும் கேக்கலையா மாமா?" என்பாள் மருமகள், நியாயமான கேள்விதான். எனக்குக் கேட்காமல் போயிருப்பது 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள கீச்சு ஒலிகள். உயிரொலிகளின் பலம் பெரும்பாலும் அதற்குக் கீழே இருப்பதால் அவை வந்துவிடும், மெய்யொலிகள்தான் தேய்ந்துபோகும். பத்து, பட்டு, பற்று எல்லாம் எனக்கு ஒன்றுதான்.

வழி கண்டுபிடித்தது பேரன். ஏதோ பேசிப் போனில் பதிவு செய்து, கனத்த ஒலி, கீச்சு ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்குவலைசரில் கீச்சு ஒலிகளை எல்லாம் அடியோடு இறக்கிவிட்டு, மிக்ஸி ஓடும்போது எல்லோரையும் கேட்க வைத்தான். மருமகள் வால்யூமைக் கூட்டிப் பார்த்தாள், முனகல் பெரிதானதே தவிர வார்த்தை வரவில்லை. அன்றோடு கத்துவது நின்றது.

இப்போது நான் திரும்பிய பிறகே பேசுகிறார்கள், விளங்காவிட்டால் அதையே திருப்பிச் சொல்லாமல் வேறு மாதிரி சொல்கிறார்கள். காது மெஷின் போட்டிருக்கிறேன்தான், ஆனால் அது ஃபேன் இரைச்சலையும் சேர்த்தல்லவா தூக்கிக் கொடுக்கிறது! மருந்துக் கடை, பாங்க் என்றால் கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைபைத் திறந்து போனை நீட்டிவிடுவேன், எதிரில் பேசுவதைத் தமிழிலேயே எழுதிக் காட்டும், பெயர்களில் கொஞ்சம் உளறும்.

எல்லோரும் சிரிக்கும்போது "என்ன?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல, விடுங்க" என்பதுதான் இன்னும் முழுசாகப் போகவில்லை, முக்கியமாக எங்கள் சம்பந்தியிடம்.