பாங் ங்கா விரிகுடா: பாறைக்குள் ஒளிந்திருக்கும் அறைகளுக்குப் படகில் போவது எப்படி?

தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஜேம்ஸ் பாண்ட் தீவில் இறங்கி, அந்த ஒற்றைப் பாறையோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள், ஆனால் இந்த விரிகுடாவின் உண்மையான அழகு 'ஹோங்'களில்தான் இருக்கிறது. தாய்லாந்து மொழியில் ஹோங் என்றால் அறை. சுண்ணாம்புப் பாறைத் தீவுகளின் நடுவே கூரை இடிந்து, வானம் தெரிய, கடல்நீர் தேங்கி நிற்கும் இடங்கள் அவை.

கடல் அமைதியாக இருக்கும் நவம்பர் முதல் ஏப்ரலுக்குள் போங்கள். படகுச் சுற்றுலாவைப் பதிவு செய்யும்போது கயாக் (சிறிய துடுப்புப் படகு) உண்டா, ஹோங்கள் உள்ள பனாக் தீவு உண்டா, கடல்நீர் ஏறி இறங்கும் அன்றைய ஓத நேரத்தைப் பார்த்துத்தான் கிளம்புகிறார்களா என்று கேளுங்கள். ஹோங்குக்குள் குகை வழியாகத்தான் போக வேண்டும், நீர் ஏறிவிட்டால் குகைவாசல் அடைந்துவிடும்.

குகைக்குள் இருட்டு, வௌவால் வாடை. டார்ச் கட்டாயம். கூரை தாழும் இடத்தில் கயாக்கில் மல்லாந்து படுத்துவிடுங்கள், மூக்குக்கு நேர் மேலே பாறை நகரும், கையை வெளியே நீட்டாதீர்கள், ஒட்டியிருக்கும் சிப்பிகள் பிளேடு மாதிரி கிழிக்கும். சட்டென்று வெளிச்சம், ஹோங் வந்துவிட்டது. சுற்றிலும் செங்குத்துச் சுவர், நடுவில் அலையாத்தி மரங்கள், அவற்றின் வேரில் தாவும் சேற்று மீன்கள். தயவுசெய்து அங்கே சத்தம் போடாதீர்கள்.

அப்புறம், மதியச் சாப்பாட்டுக்குப் பன்யி தீவு, கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் மீனவர் கிராமம். முஸ்லிம் ஊர் என்பதால் நீச்சலுடைக்கு மேல் ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள்.